புது ஸ்பிரிங் போட்ட வண்டி ஏன் கோணலாக நிற்கிறது? வாசகர் கேள்வி-பதில்

மழைக்காலம் முடிந்து பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் சாலைகளில் அடிவாங்கிய வண்டிகள் ஸ்பிரிங் மாற்ற வரிசையில் நிற்கும் நேரம் இது. ஸ்பிரிங் மாற்றியவுடன் 'வண்டி சாய்கிறது', 'மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது' என்று வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அம்பாசமுத்திரம் வாசகர்: அண்ணாச்சி, நம்ம வண்டி 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல். முன்னாடி ரெண்டு ஸ்பிரிங், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் புதுசு போட்டாச்சு. இப்போ இடது பக்கம் ஒரு விரக்கடை உயரமா நிக்கி. பட்டறையில கேட்டா 'ஓட ஓட உக்காந்துரும்'ங்காங்க. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓடியாச்சு, உக்காரலை. ஸ்பிரிங்குக்கு அடியில ரப்பர் கட்டை வச்சு வலது பக்கத்தையும் தூக்கிரலாமா?

பதில்: கட்டையைப் பற்றிப் பிறகு பேசலாம். விரல் கணக்கை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு வளைவின் உதடு வரை எத்தனை மி.மீ. என்று நான்கு சக்கரத்திலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். அப்படி அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். அளப்பதற்கு முன் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று பிடித்து, டிக்கியைக் காலி செய்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ஒவ்வொரு மூலையையும் மூன்று நான்கு முறை அமுக்கி விடுங்கள். பிறகு வண்டியை ஐந்து மீட்டர் முன்னும் பின்னும் தள்ளி நிறுத்துங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியின் டயர்கள் உள்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். உருட்டாமல் அளந்தால் உயரம் கூடுதலாகத்தான் காட்டும்.

அடுத்தது தரை. பட்டறைத் தரையைத் தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்துத்தான் போட்டிருப்பார்கள். ஒருமுறை அளந்த பின் வண்டியைத் திருப்பி, அதே இடத்தில் எதிர்த் திசை பார்க்க நிறுத்தி மறுபடி அளங்கள். முதலில் இடது உயரமாகவும் திருப்பிய பின் வலது உயரமாகவும் காட்டினால் குறை தரையில்தான். கொத்தனாரின் டியூப் லெவல் கிடைத்தால் நான்கு சக்கரம் நிற்கும் இடங்களையும் அதை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

இந்த நான்கு எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. கார் பாடி ஒரே விறைப்பான பெட்டி. முன்பாதி சாய்ந்து பின்பாதி நேராக நிற்க அதனால் முடியாது. முன்னால் இடது வலது வித்தியாசம் 18 மி.மீ. என்றால் பின்னாலும் ஏறக்குறைய அதே அளவு தெரிய வேண்டும். முன்னால் 18, பின்னால் 2 என்று வந்தால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீர்கள். தரை சமமில்லை, அல்லது எப்போதோ டிங்கரிங் பார்த்த மட்கார்டு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. இது தெரியாமல் நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றி வீசியவர்கள் பலர். வித்தியாசம் 10 மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடலாம். நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம். அவர் மட்டுமே ஏறி ஓடும் வண்டி நாளாவட்டத்தில் வலது பக்கம் கொஞ்சம் தணிவது இயல்பு. 15 மி.மீ.யைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

உங்கள் வண்டியில் எங்கள் முதல் சந்தேகம் புஷ் மேல்தான். சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க் கைதான் லோயர் ஆர்ம்; அது பாடியில் மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் பொதிந்த குழாய்தான் புஷ். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர், உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் சேஸோடு பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். வண்டி ஜாக்கியில், சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடும். இறக்கியதும் ரப்பர் எதிர்த்து முறுக்கி வண்டியைச் சில மி.மீ. தூக்கியே வைத்திருக்கும். ஒரு பக்கம் தொங்கவிட்டும் மறுபக்கம் தரையில் வைத்தும் இறுக்கியிருந்தால் சாய்வு நிச்சயம். உயரம் மட்டுமல்ல, எந்நேரமும் முறுக்கிலேயே நிற்கும் அந்தப் புஷ் சீக்கிரம் கிழிந்தும் போகும்.

திருத்தும் வழி எளிது. வண்டியைப் பிட்டின் (அடியில் நின்று வேலை பார்க்கும் குழி) மேலோ, சக்கரம் தாங்கும் லிஃப்ட்டிலோ சொந்தக் காலில் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் லோயர் ஆர்மை பாடியோடு பிடிக்கும் போல்ட்டுகளை அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்று வரை தளர்த்தி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி, உருட்டி, அங்கேயே மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். பிட் இல்லாத இடத்தில் பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்ம் சக்கரத்தோடு சேரும் பால் ஜாயிண்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கர மையத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள தூரம் சரியான எண்ணுக்கு வரும் வரை ஆர்மைத் தூக்கி, அந்த நிலையில் இறுக்கலாம். பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்சில் பீமின் புஷ் போல்ட்டுகளைத் தொட்டிருந்தால் அவற்றுக்கும் இதே முறைதான்.

அதற்கும் சாய்வு போகவில்லை என்றால் ஸ்பிரிங்கின் இருக்கையைப் பாருங்கள். ஸ்பிரிங்கைச் சுமக்கும் ஷாக் அப்சார்பரான ஸ்ட்ரட்டின் கீழ்த் தட்டில் ஒரு படி இருக்கும்; ஸ்பிரிங் கம்பியின் நுனி அந்தப் படியை ஒட்டி உட்கார வேண்டும். நுனி படியின் மேல் ஏறிக்கொண்டால் அந்தப் பக்கம் உயர்வதோடு, ஸ்டீயரிங் திருப்பும்போது 'டக்' என்று துள்ளும். மேலே உள்ள ரப்பர் இருக்கை ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் நசுங்கிய பழையது என்று போட்டாலும் வித்தியாசம் வரும். பழைய ரப்பர் ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய், ஒரு பக்கம் ரப்பரே இல்லாமல் பூட்டப்பட்ட வண்டிகளும் உண்டு.

மூன்றாவது, இடது வலது சக்கரங்களை லிங்க் எனும் சின்னக் கம்பிகள் வழியாக இணைக்கும் ஸ்டெபிலைசர் பார். வண்டி தரையில் நிற்கும்போதே ஒரு பக்க லிங்க்கைக் கழற்றிப் பாருங்கள். பார் நேராக இருந்தால் கழற்றிய போல்ட் கைவிரலாலேயே திரும்ப நுழையும். நெம்பித்தான் நுழைக்க வேண்டும் என்றால் பார் வளைந்திருக்கிறது, அல்லது இரண்டு லிங்க்கும் ஒரே நீளமில்லை.

எல்லாம் சரி, இன்னும் சாய்கிறது என்றால் மட்டும் இடது வலது ஸ்பிரிங்குகளை மாற்றிப் போட்டு அளங்கள். சாய்வு ஸ்பிரிங்கோடு சேர்ந்து மறுபக்கம் போனால் அந்த ஜோடி பொருந்தாத ஜோடி. கடையில் கொடுத்து வேறு ஜோடி கேளுங்கள். மாற்றிப் போடும்போது ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியான கம்ப்ரஸர் இரண்டை எதிரெதிராகப் பூட்டி, ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து ஆடும் வரை அமுக்கிய பிறகே ஸ்ட்ரட்டின் மேல் நட்டில் கை வைக்க வேண்டும். அமுக்காமல் நட்டைக் கழற்றினால் நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசை ஒரே நொடியில் விடுபடும்.

வலது பக்கக் கட்டை உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறோம்.

பாளையங்கோட்டை வாசகர்: எங்கள் வண்டியும் பெட்ரோல்தான். கடையில் கிடைத்த ஒரு செட் முன் ஸ்பிரிங் போட்டோம். இரண்டு பக்கமும் சமம், ஆனால் முன்பக்கம் முன்பைவிட 30 மி.மீ. உயர்ந்துவிட்டது. எப்போது தணியும்?

பதில்: 'முன்பைவிட' என்பது தவறான அளவுகோல். பல வருடம் ஓடிய பழைய ஸ்பிரிங் 10, 15 மி.மீ. தணிந்திருக்கும். அதே மாடல், அதே எஞ்சின், அதே டயர் அளவுள்ள, அடிபடாத வண்டி ஒன்றை அளந்து அதோடு ஒப்பிடுங்கள். புது ஸ்பிரிங் தணியும் என்பது உண்மைதான். ஆனால் முதல் சில நூறு கிலோமீட்டரில் நாலைந்து மி.மீ. தணிந்தால் அதிகம். நல்ல தயாரிப்பாளர்கள் ஆலையிலேயே ஸ்பிரிங்கை முழுவதுமாக அமுக்கி எடுத்து அந்தத் தணிவை முன்கூட்டியே தீர்த்துவிடுவார்கள்.

ஒப்பிட்ட பிறகும் 15, 20 மி.மீ. கூடுதல் என்றால் உங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் டீசல் வண்டியின் ஸ்பிரிங். டீசல் எஞ்சின் கனம். அதே பாடிக்கு முன் ஸ்பிரிங் மட்டும் வேறு. ஒரு முன் சக்கரத்துக்கு 35 கிலோ வித்தியாசம் என்றும், ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க 2 கிலோ வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். டீசல் ஸ்பிரிங் பெட்ரோல் வண்டியில் சுமார் 17 மி.மீ. தூக்கி நிற்கும். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் இது தணியாது.

ஸ்பிரிங்கில் தீட்டியிருக்கும் வண்ணக் கோடுகளை முதலில் பாருங்கள். ஒரே மாடலுக்குள் எந்த ஸ்பிரிங் எந்த வகை வண்டிக்கு என்று பிரிக்கத்தான் அந்தக் கோடுகள். கோடு அழிந்திருந்தால் வெர்னியர் வைத்துக் கம்பியின் தடிமனைப் பழையதோடு ஒப்பிடுங்கள், பெயின்ட் இல்லாத இடத்தில். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 12 மி.மீ. கம்பி 12.5 ஆனால் விறைப்பு சுமார் 18 சதவீதம் கூடும். 13 ஆனால் 38 சதவீதம். கண்ணுக்குத் தெரியாத அரை மி.மீ. இத்தனை வேலை செய்யும் என்பதால் 'பார்க்க ஒரே மாதிரி இருக்கு' என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். வண்டியின் சேஸ் எண்ணைச் சொல்லிப் பார்ட் நம்பர் வாங்கி, அந்த எண்ணுள்ள ஜோடியை வாங்குங்கள்.

வள்ளியூர் வாசகர்: பின்பக்கம் மட்டும் 15 மி.மீ. தூக்க வேண்டும். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் போடலாமா, ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கும் ஸ்பேசர் போடலாமா?

பதில்: சுற்றுக்கு நடுவே செருகும் பஃபர் வேண்டாம். அது இரண்டு சுற்றை வேலை செய்யவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மிச்சச் சுற்றுகள் அதிகமாக முறுக்குப்படுகின்றன, வண்டி விறைக்கிறது. ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே மணல் புகுந்து பெயின்டைத் தேய்த்துவிடும். அதே இடத்தில் துருப்பிடித்து, அதே இடத்தில் ஸ்பிரிங் முறியும்.

ஸ்பிரிங்குக்கும் பாடி இருக்கைக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர், விறைப்பை மாற்றாமல் உயரத்தை மட்டும் கூட்டும். ஆனால் 15 மி.மீ. தூக்க 15 மி.மீ. ஸ்பேசர் என்று வாங்காதீர்கள். முன்பக்க ஸ்ட்ரட்டில் அந்தக் கணக்கு கிட்டத்தட்டச் சரி. பின்பக்க பீமில் ஸ்பிரிங் சக்கர மையத்துக்கு முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தால், பீமின் புஷ் போல்ட்டிலிருந்து ஸ்பிரிங் நடு வரை ஒரு தூரம், சக்கர மையம் வரை ஒரு தூரம் அளங்கள். முதலாவது 320, இரண்டாவது 400 மி.மீ. என்றால், 10 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் 12.5 மி.மீ. தூக்கும். உங்களுக்கு 12 மி.மீ. போதும். லோயர் ஆர்மின் பாதியில் ஸ்பிரிங் நிற்கும் இரட்டை விஷ்போன் (சக்கரத்துக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஆர்ம் உள்ள) வண்டிகளில் 10 மி.மீ. ஸ்பேசர் 20 மி.மீ. தூக்கிவிடும்.

அசல் ரப்பர் இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஸ்பேசர் வைப்பது தப்பு. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். போட்டபின் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பக்கம் 25 மி.மீ.க்கு மேல் தூக்குவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் எப்போதும் கூடுதல் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும். ஸ்ட்ரட்டுக்கு மேலே, பாடிக்கு அடியில் வைக்கும் வகை ஸ்பேசரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், சக்கரம் அந்த அளவுக்குக் கூடுதலாகக் கீழே தொங்கும்.

மேலப்பாளையம் வாசகர்: பின்பக்கம் உயரமா இருக்கு, அரைச் சுற்று வெட்டிரலாமா?

பதில்: வெட்டாதீர்கள். சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை எடுத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும். வெட்டிய நுனி இருக்கையில் படிந்து உட்காராது, சக்கரம் தொங்கும்போது நழுவும். கேஸ் கட்டிங் வைத்தால் சூடுபட்ட இடத்தில் எஃகின் பதமே போய்விடும்.

சங்கரன்கோவில் வாசகர்: பழைய சுமோ. முன்பக்க டார்ஷன் பார் இரண்டையும் கழற்றி மாட்டிய பிறகு முன்பக்கம் தணிந்து, சின்னப் பள்ளத்திலும் 'டமார்' என்று அடிக்கிறது.

பதில்: டார்ஷன் பார் நீளவாக்கில் முறுக்கப்படும் ஸ்பிரிங்தான். உங்கள் வண்டியில் உயரத்தைக் கூட்டக் கட்டை எதுவும் வேண்டாம், போல்ட்டே இருக்கிறது. ஆனால் முதலில் பாரின் நுனியில் உள்ள இடது வலது அடையாளத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பாரும் ஒரு திசை முறுக்குக்கே பதப்படுத்தப்பட்டது. இடம் மாறினால் தணிந்துகொண்டே போகும், கடைசியில் முறியும். அடையாளம் சரி என்றால், கழற்றி மாட்டும்போது பாரின் நுனியில் உள்ள பல்லில் ஒன்றிரண்டு தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள்.

சரிசெய்ய, சேஸ் குறுக்குச் சட்டத்தில் ஜாக்கி கொடுத்து முன் சக்கரங்கள் தொங்கும்படி தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பாரம் இருக்கும்போது அட்ஜஸ்டிங் போல்ட்டைத் திருகினால் மரை அறுந்துபோகும். போல்ட்டின் தலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சுற்று மட்டும் இறுக்குங்கள். இறக்கி, உருட்டி, அளங்கள். ஒரு சுற்றுக்கு உங்கள் வண்டியில் எத்தனை மி.மீ. ஏறுகிறது என்பது இப்போது தெரியும். மிச்சத்தைக் கணக்குப்போட்டுத் திருகலாம். போல்ட்டின் மரை தீரும் வரை வந்துவிட்டால் நிறுத்துங்கள், பாரைக் கழற்றி ஒரு பல் மாற்றிப் பூட்ட வேண்டும்.

உயரமாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஏற்றிவிடாதீர்கள். அப்பர் ஆர்ம் தனக்குக் கீழே உள்ள ரப்பரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சக்கரத்துக்குக் கீழே இறங்க இடமிருக்காது, ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தூக்கிப்போடும்.

களக்காடு வாசகர்: வாழைத்தார் ஏத்துற பிக்கப்புக்குப் பின்னாடி ரெண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாப் போட்டோம். லோடு தாங்குது. ஆனா பிரேக் போட்டா முன்பக்கம் முங்குது, முன் பேட் சீக்கிரம் தேயுது.

பதில்: உயரம் மாறியதால் பிரேக் கெட்ட கதை இது, உடனே கவனியுங்கள். பல பிக்கப், வேன் வகைகளில் பின் ஆக்சிலுக்கு மேலே சேஸில் ஒரு வால்வும், அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு ராடோ ஸ்பிரிங்கோ இருக்கும். ஆக்சிலுக்கும் சேஸுக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் லோடு இருக்கிறது என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். இடைவெளி பெருகினால் காலி வண்டி என்று அழுத்தத்தைக் குறைக்கும். நீங்கள் பட்டை சேர்த்ததும் முழு லோடிலும் இடைவெளி பெரிதாகவே நிற்கிறது. வால்வின் கணக்கில் உங்கள் வண்டி எப்போதும் காலி. பின் பிரேக் சோம்பி, பாரம் முழுவதும் முன் பேட்டில் விழுகிறது.

மேனுவலில் உள்ளபடி அழுத்தமானி வைத்து ராடின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் செய்வார்கள். வால்வின் கையைக் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. லோடு இறக்கிவிட்டு மழையில் காலியாகத் திரும்பும்போது பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும்.

பட்டையையும் பாருங்கள். சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் குழிக்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆக்சில் கோணலாகி வண்டி ஒருக்களித்து ஓடும். யூ போல்ட் புதிதாகப் போட்டு, குறுக்குக்குறுக்காக இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் லோடோடு மறுபடி இறுக்குங்கள். பட்டையின் நுனியைச் சேஸோடு பிடிக்கும் ஷேக்கிளில் ரப்பர் புஷ் இருந்தால் அதையும் வண்டி தரையில் நிற்கும்போதே இறுக்க வேண்டும், மேலே ஸ்விஃப்ட்டுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

உவரி வாசகர்: கடற்கரை ஊர். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முறிந்து ஒரு மூலை தணிந்துவிட்டது. மறுபடி முறியாமல் இருக்க?

பதில்: கீழ்த் தட்டில் தேங்கும் உப்பு மணல்தான் காரணம். தட்டில் தண்ணீர் வடியும் துளை இருக்கும். அது அடைபடாமல் குச்சியால் குத்திவிட்டு, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடிப்பக்கம் பீய்ச்சிக் கழுவுங்கள். துருவுக்காக அடியில் டீசல் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ரப்பர் புஷ்ஷும் இருக்கையும் ஊறி உப்பிவிடும். முறிந்தது ஒன்றானாலும் மாற்றுவது ஜோடியாக.

தென்காசி வாசகர்: உயரம் சரியாகிவிட்டது. அலைன்மென்ட் அவசியமா?

பதில்: அவசியம். உயரம் மாறினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறும், சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கும் அளவான டோ மாறும், டயரின் ஓரம் தேய்ந்து போகும். புஷ்ஷை இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடி, ஸ்பிரிங் படிந்த பிறகு பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் இன்னொரு தடவை காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

ஹெட்லைட்டையும் பாருங்கள், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சக்கர இடைவெளி 2430 மி.மீ. உள்ள வண்டியில் முன்பக்கம் மட்டும் 30 மி.மீ. உயர்ந்தால், 10 மீட்டர் தொலைவில் வெளிச்சம் 12 செ.மீ. மேலே ஏறும். டிம் லைட்டை அந்தத் தூரத்தில் சுமார் 10 செ.மீ. தாழ்த்தித்தான் வைத்திருப்பார்கள், அந்தத் தாழ்வு முழுவதும் போய், நான்குவழிச் சாலையில் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சமதரையில் சுவருக்கு நேரே 10 மீட்டரில் வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்கார்ந்து, லெவல் சுவிட்சைப் பூஜ்யத்தில் வைத்து, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 செ.மீ. கீழே வரும் வரை விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்புங்கள்.